மரத்தில் மோதி விழுந்த ட்ரோன்: மோட்டாரைத் தாங்கும் கையை மாற்றிய பிறகு ஒரு மோட்டார் மட்டும் நடுங்குகிறது, சுழலவில்லை

தமிழாசிரியர், கத்ர் போர்ன், மொரீஷியஸ்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என் பதினாறு வயது மகள் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக வரவழைத்து, தானே சால்டர் வைத்துக் கோத்த ட்ரோன் கடந்த ஞாயிற்றுக்கிழமை மரத்தில் மோதி விழுந்துவிட்டது. நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். மின்னணுவியல் எனக்குப் பழக்கமான துறை அன்று. அவள் விளக்கிச் சொன்னதையும் நான் அருகிலிருந்து பார்த்ததையும் வைத்து, நடந்தவற்றை ஒன்றும் விடாமல் எழுத முயல்கிறேன்.

இது ஐந்து அங்குல ப்ரொப்பெல்லர் பூட்டும் கார்பன் ஃபைபர் ஃப்ரேம். 2207 அளவுள்ள 1750 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1750 சுற்று) மோட்டார்கள் நான்கு, நான்கு மோட்டார்களுக்கும் ஒரே பலகையாக அமைந்து அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி., அதன் மேல் பறத்தலைக் கட்டுப்படுத்தும் எஃப்7 ஃப்ளைட் கன்ட்ரோலர், அதில் ஓடும் பீட்டாஃப்ளைட் மென்பொருள், ஆறு செல் கொண்ட 1300 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஆகியவை இதன் பாகங்கள். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து பெல் மார் கடற்கரைக்குப் போயிருந்தோம். ஆகஸ்டு மாதத்தின் தென்கிழக்குக் காற்று அன்று வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே வீசியது. கரையோரத்தில் வரிசையாக நிற்கும் சவுக்கு மரங்களை, இங்கே நாங்கள் ஃபிலாவோ என்று சொல்லுகிறவற்றை, அவள் சுற்றித் திருப்பியபோது காற்று பக்கவாட்டில் தள்ளியது. ட்ரோன் ஓர் அடிமரத்தில் மோதி, தலைகீழாக மணலில் விழுந்தது. அவள் சுவிட்சை அணைப்பதற்குள் ஓரிரு நொடிகள் மோட்டார்கள் மணலுக்குள்ளேயே சுழல முயன்றன.

முன்பக்க இடது கை வேரோடு முறிந்திருந்தது. அந்தப் பக்கத்து ப்ரொப்பெல்லர்கள் உடைந்திருந்தன. பேட்டரியின் ஒரு மூலை உள்ளே அமுங்கியிருக்கிறது. வேறு எதுவும் வெளிப்பார்வைக்குச் சேதமாகத் தெரியவில்லை. ஃப்ரேம் வாங்கியபோதே உபரியாக ஒரு கை வந்திருந்ததால் அதையே பொருத்தினோம்; பழைய கையும் புதிய கையும் ஒரே தடிமன்தான், இரண்டுமே ஐந்து மில்லிமீட்டர். கைக்கு அடியில் மோட்டாருக்கு நேராக, தரையில் உரசாமல் இருப்பதற்காகக் காலணிபோல் வைத்திருந்த டி.பி.யு. என்ற ரப்பர்போன்ற மென்மையான பிளாஸ்டிக் துண்டு கிழிந்து போயிருந்ததால், அந்த ஒரு கையில் மட்டும் அதைப் போடாமல், பழைய மோட்டாரைப் பழைய திருகுகளாலேயே இறுக்கினாள்.

ப்ரொப்பெல்லர்களைக் கழற்றி வைத்துவிட்டு, கடற்கரைக்குக் கொண்டுபோகாத வேறொரு நல்ல பேட்டரியை இணைத்து, பீட்டாஃப்ளைட்டில் மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். முதல் மூன்றும் சீராகச் சுழன்றன. நான்காவது, அதாவது கை மாற்றிய இடத்து மோட்டார், சுழலாமல் இடமும் வலமுமாக நடுங்குகிறது. கரகரவென்று ஓர் ஒலி வருகிறது. நான்கைந்து நொடிகளில் கருகல் வாடை வந்ததால் பேட்டரியைப் பிடுங்கிவிட்டோம். மோட்டாரைத் தொட்டபோது நன்றாகச் சூடாக இருந்தது.

இங்கே பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டினோம். அவர்கள் பார்த்தவுடனே, இ.எஸ்.சி. போய்விட்டது, பலகை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மீட்டர் எதையும் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தப் பலகை வெளிநாட்டிலிருந்து வரச் சில வாரங்கள் ஆகும், விலையும் அவள் சேமிப்புக்கு மிஞ்சியது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றுவோம். ஆனால் அதற்கு முன் உண்மையில் பழுது எங்கே இருக்கிறது என்று உறுதியாக அறிய வழி உண்டா? அறிந்தவர்கள் சொன்னால் நானும் என் மகளும் பெரிதும் நன்றியுடையவர்களாக இருப்போம்.


மின்பணியாளர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள்: அந்த நான்காவது மோட்டாருக்கு இனி ஒரு நொடிகூட மின்சாரம் கொடுக்க வேண்டாம். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பலர் செய்வதுபோல அந்த மோட்டாரைக் கழற்றி நன்றாக இருக்கும் வேறொரு இடத்தில் மாற்றிப் பொருத்திப் பார்த்துவிடாதீர்கள். மோட்டாருக்குள் ஷார்ட் இருந்தால் அது நல்ல இடத்து இ.எஸ்.சி.யையும் எரித்துவிடும், ஒரு பழுது இரண்டாகிவிடும். மாற்றிப் பார்ப்பது மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

இவ்வகை மோட்டாருக்கு மூன்று ஒயர்கள் போகின்றன. மூன்றிலும் மாறி மாறி மின்சாரம் பாய்ந்தால்தான் அது ஒரே திசையில் சுழலும். மூன்றில் ஒன்று அறுந்திருந்தாலும், இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் நீங்கள் கண்ட நடுக்கமே வரும். இ.எஸ்.சி.யில் அந்த ஒயருக்கு உரிய மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்ச் போயிருந்தாலும் அதே நடுக்கம்தான். ஆகவே நடுக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இ.எஸ்.சி. என்றோ மோட்டார் என்றோ எவராலும் சொல்ல முடியாது. நான்கைந்து நொடிகளில் அவ்வளவு சூடும் கருகல் வாடையும் மோட்டாரிலிருந்தே வந்தன என்பது எனக்கு ஷார்ட்டைத்தான் நினைவூட்டுகிறது. ஆனாலும் அளந்து பார்ப்போம்.

பேட்டரி இணைப்பில் இல்லாதபோது, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில், அதாவது மின்பாதை இருந்தால் ஒலிக்கும் நிலையில், வைத்து, பேட்டரி இணைப்பின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். அங்கே உள்ள பெரிய கப்பாசிட்டர் (மின்தேக்கி) நிரம்பும் வரை ஒரு சிறு ஒலி வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. விடாமல் ஒலித்தால் பலகையில் ஷார்ட். அடுத்து, நான்காவது மோட்டாரின் மூன்று ஒயர்களையும் பலகையிலிருந்து பிரித்தெடுங்கள். அந்த ஒயர்கள் ஒட்டியிருக்கும் செப்புத் தடங்கள் பட்டையானவை, சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 63க்கு 37 கலவைச் சால்டர் 183 டிகிரியிலேயே உருகும் என்றாலும், சால்டரிங் அயர்னை 380 டிகிரி அளவில் வைத்து, அகலமான நுனியைப் பூட்டி, சால்டர் எளிதில் உருகி ஓட உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாகத் தடவி, இரண்டு மூன்று நொடிகளில் எடுத்துவிட வேண்டும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்துத் தேய்த்தால்தான் தடம் பெயர்ந்துவிடும்.

ஒயர்களைப் பிரித்தபின் மீட்டரை டயோடு நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, கறுப்பு முனையால் அந்த மூன்று தடங்களையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஏறத்தாழ அரை வோல்ட் காட்ட வேண்டும், மூன்றும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பிறகு கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் அதே மூன்று தடங்களையும் தொடுங்கள். அப்போதும் அப்படியே வர வேண்டும். எங்காவது சுழியத்தை ஒட்டிய எண் வந்தால் அந்த மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். நல்ல நிலையில் உள்ள மற்ற மூன்று மோட்டார்களின் தடங்களிலும் இதையே செய்து எண்களை ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

மோட்டாரைப் பொறுத்தவரை, சுருள்களின் மின்தடை ஓம் கணக்கில் பின்னக் கணக்கு. சாதாரண மல்டிமீட்டரால் நல்ல சுருளையும் ஒட்டிப்போன சுருளையும் பிரித்தறிய முடியாது. அதற்கு மீட்டரைவிட விரலே நல்ல கருவி. மூன்று ஒயர்களும் எதிலும் படாமல் தொங்கும்போது மோட்டாரின் மேல்மூடியை விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல மோட்டார் காந்தங்களின் மெல்லிய தட்டல்களோடு இலகுவாகச் சுற்றி நிற்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் யாரோ பிடித்து இழுப்பதுபோல உடனே நின்றுவிடும். ஏனென்றால் சுற்றும்போது அதிலேயே பிறக்கும் மின்சாரம் ஒட்டிய இடத்தின் வழியாகப் பாய்ந்து அதையே தடுக்கிறது. கடைசியாக, மீட்டரின் ஒரு முனையை மோட்டார் ஒயர் ஒன்றிலும் மறுமுனையை மோட்டாரின் உலோக உடலிலும் வையுங்கள். ஒலி வரக் கூடாது.

எண்களை இங்கே எழுதுங்கள். பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.


கருமணல், செயின்ட்-பியர், ரீயூனியன்

வணக்கம். மணலுக்குள் மோட்டார் சுழல முயன்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி மட்டும் என் பட்டறிவைச் சொல்கிறேன்.

எங்கள் தீவில் எடாங்-சாலே போன்ற கரைகளில் மணல் கறுப்பு. எரிமலைப் பாறை பொடிந்து வந்த மணல் என்பதால் அதில் காந்தம் இழுக்கக்கூடிய துகள்கள் இருக்கின்றன. மோட்டாரின் மேல்மூடிக்குள் பதினான்கு காந்தங்கள் இருக்கும்; ஒரு முறை கருமணலில் விழுந்தால் துகள்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டு ஊதினாலும் போகாது. உங்கள் பெல் மார் மணல் பவளத்தூள் வெள்ளை மணல், காந்தத்தில் ஒட்டாது. அந்த வகையில் உங்களுக்கு வேலை எளிது. இருந்தாலும் காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது, ஒரு மணற்பருக்கை சிக்கினாலே மோட்டார் இறுகிவிடும்.

தண்டின் அடியில் உள்ள சிறு திருகைக் கழற்றினால் மேல்மூடி கையோடு வந்துவிடும். சில மோட்டார்களில் திருகுக்குப் பதில் ஒரு வளையக் கிளிப் இருக்கும். காற்றை அழுத்தி ஊதாதீர்கள், மணல் பேரிங்குக்குள் போய்விடும். ஒட்டும் டேப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் கழுவுங்கள். கடல் நீர்த்துளி பட்டிருந்தால் ஆல்கஹாலுக்கு முன்பு காய்ச்சி வடித்த நீரால் ஒரு முறை கழுவுவது நல்லது, ஏனென்றால் உப்பை ஆல்கஹால் நன்றாகக் கரைப்பதில்லை. பேரிங்கில் மணல் போயிருந்தால் மோட்டாரைக் காதருகே வைத்துச் சுழற்றும்போது அரைபடும் ஒலி கேட்கும். மின்பணியாளர் சொன்ன ஷார்ட்டின் இழுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விரலுக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்கள் மகள் குழம்பக் கூடாது. ப்ரொப்பெல்லர் இல்லாமல் ட்ரோனை ஆர்ம் செய்து (பறக்க ஆயத்தமாக்கி) த்ராட்டிலை, அதாவது வேகக் குச்சியை, சற்று ஏற்றினால், மோட்டார்கள் தாமாகவே வேகம் கூடிக்கொண்டு போகும். தன் கட்டளைக்கு உடல் அசையவில்லையே என்று கன்ட்ரோலர் மேலும் மேலும் திருத்த முயல்வதே காரணம். அது பழுது அன்று. மேசையில் சோதிக்க பீட்டாஃப்ளைட்டின் மோட்டார் தாவலில் உள்ள ஸ்லைடர்களையே பயன்படுத்துங்கள்.


தமிழாசிரியர், கத்ர் போர்ன், மொரீஷியஸ்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதை என் மகள் தாளில் படியெடுத்து வைத்துக்கொண்டு, நேற்று மாலை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தாள். நான் விளக்குப் பிடித்தேன், எண்களை எழுதினேன்.

பேட்டரி இணைப்பில் ஒலி ஒரு கணம் வந்து நின்றுவிட்டது. நான்காவது மோட்டாரின் ஒயர்களைப் பிரித்தபின் அந்த மூன்று தடங்களிலும் ஒரு பக்கம் 0.48, 0.48, 0.49 என்றும், மறுபக்கம் 0.47, 0.48, 0.48 என்றும் வந்தன. மற்ற மோட்டார்களின் தடங்களிலும் இவற்றோடு ஒத்துப்போகும் எண்களே வந்தன. அப்படியென்றால் இ.எஸ்.சி.யில் பழுது இல்லை என்று கொள்ளலாமா?

மோட்டாரின் நிலை வேறு. ஒயர்கள் எதிலும் படாமல் தொங்கியபோதும் மேல்மூடியைச் சுண்டினால் தேனுக்குள் சுழல்வதுபோலக் கால் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. மற்ற மூன்றும் அப்படி இல்லை. மேல்மூடியைக் கழற்றி டேப்பால் ஒற்றியதில் வெள்ளை மணல் சிறிதளவு வந்தது. பேரிங்கில் அரைபடும் ஒலி இல்லை. திரும்பப் பூட்டிச் சுண்டியபோது அதே இழுப்பு. கடைசியாக ஒயருக்கும் உடலுக்கும் மீட்டரை வைத்தபோது விடாமல் ஒலித்தது. எந்த ஒயரைத் தொட்டாலும் ஒலிக்கிறது.

அவளிடம் உபரியாக வாங்கிய ஐந்தாவது மோட்டார் ஒன்று இருக்கிறது. அதைப் பூட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். மோட்டாரின் மேல்மூடியில் அடிபட்ட தடமே இல்லை, விழுந்த பிறகு அணைக்கும் வரை அது சுழன்றுகொண்டுதான் இருந்தது, அப்படியிருக்க உள்ளே எப்படிச் சுருள் ஒட்டியது என்று தெரியாமல் இருக்கிற ஒரே நல்ல மோட்டாரையும் வைக்கமாட்டேன் என்கிறாள். அவள் கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.


டர்பன் பறவை, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

ஆசிரியர் ஐயாவுக்கும் தங்கைக்கும் வணக்கம். தங்கை மறுத்தது முற்றிலும் சரி. அந்த ஐந்தாவது மோட்டாரை அதே இடத்தில் அதே திருகுகளால் இறுக்கியிருந்தால் அதுவும் இதே கதிக்கு ஆளாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் முதல் பதிவை மறுபடியும் படித்தேன். கையின் தடிமன் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கைக்கு அடியில் இருந்த டி.பி.யு. துண்டை அந்த ஒரு இடத்தில் மட்டும் போடவில்லை, திருகுகள் பழையவையே என்றும் எழுதியிருக்கிறீர்கள். திருகு அந்தத் துண்டையும் கையையும் கடந்துதான் மோட்டாரின் அடித்தட்டுக்குள் ஏறுகிறது. துண்டு இல்லை என்றால் அதன் தடிமன் அளவுக்குத் திருகு கூடுதலாக மோட்டாருக்குள் போயிருக்கும். அடித்தட்டுக்கு மேலே சற்றுத் தள்ளியே சுருள்கள் இருக்கின்றன. எட்டு மில்லிமீட்டர் திருகு போதும் இடத்தில் பத்து மில்லிமீட்டர் திருகு இறங்கினால், அதன் நுனி செப்புக் கம்பியின் மேல் மின்சாரம் கசியாமல் காக்கும் எனாமல் பூச்சைச் சுரண்டிவிடும்.

எனாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். உங்கள் மோட்டாரில் பன்னிரண்டு பற்கள், அவற்றில் சுற்றிய பன்னிரண்டு சுருள்கள், ஒரு ஃபேஸுக்கு (மூன்று ஒயர்களின் மூன்று மின்பாதைகளில் ஒன்றுக்கு) நான்கு வீதம். ஒரே ஃபேஸின் சுருள்கள் இரண்டிரண்டாக அடுத்தடுத்து இருக்கும், அதற்கு அடுத்த இரண்டும் வேறு ஃபேஸ். நான்கு திருகுகள் நான்கு பக்கமும் ஏறும்போது அவை வெவ்வேறு ஃபேஸ் சுருள்களைத் தொடும். திருகுகள் அனைத்தும் ஒரே அலுமினிய அடித்தட்டில் நிற்பதால் அந்தத் தட்டே ஷார்ட்டுக்குப் பாலமாகிவிடும். உடலுக்கும் ஒயருக்கும் இடையே நீங்கள் கேட்ட ஒலி அதுதான். கார்பன் ஃபைபரும் மின்கடத்தி என்பதால் இது ஃப்ரேம் வரைக்கும் பரவக்கூடியது.

நான் சொல்வது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மோட்டாரைக் கையிலிருந்து எடுக்காமலேயே, மீட்டரின் முனைகளை ஒயரிலும் உடலிலும் வைத்தபடி, நான்கு திருகுகளையும் ஒவ்வொன்றாக அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். எந்தத் திருகில் ஒலி நிற்கிறது என்று கவனியுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதே தவற்றை நானும் ஒரு முறை செய்து இரண்டு மோட்டார்களை இழந்தேன். முதலாவது போனபோது மோட்டாரையே குறை சொல்லிவிட்டு இரண்டாவதைப் பூட்டினேன். அதுவும் போன பிறகுதான் திருகைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.


தமிழாசிரியர், கத்ர் போர்ன், மொரீஷியஸ்

அம்மா, நீங்கள் சொன்னபடியே இருந்தது. இதை எழுதும்போது என் மகள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

மீட்டரின் முனைகளை நான் பிடித்துக்கொண்டேன், அவள் ஆலன் கீயால் தளர்த்தினாள். முதல் திருகை ஒரு முழுச் சுற்றுத் தளர்த்தியபோதும் ஒலி நிற்கவில்லை. இரண்டாவதிலும் நிற்கவில்லை, ஆனால் மேல்மூடியைச் சுண்டியபோது இழுப்பு முன்னைப்போல் இல்லை என்று அவள் சொன்னாள். மூன்றாவது திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தியதும் ஒலி சட்டென்று நின்றது. மறுபடியும் கால் சுற்று இறுக்கியதும் வந்தது, தளர்த்தியதும் நின்றது. இரண்டு முறை அப்படிச் செய்து பார்த்துவிட்டு, அவள் எதுவும் பேசாமல் ஆலன் கீயைக் கீழே வைத்தாள். நான்கையும் கழற்றிய பிறகு மேல்மூடியைச் சுண்டினோம், மற்ற மோட்டார்களைப் போலவே இலகுவாகச் சுற்றியது.

திருகுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். இரண்டாவதன் நுனியிலும் மூன்றாவதன் நுனியிலும் செம்பின் நிறம் பளிச்சென்று ஒட்டியிருந்தது. மேல்மூடியை எடுத்துவிட்டு அடித்தட்டின் துளை வழியாகப் பார்த்தபோது, ஒரு சுருளில் இரண்டு கம்பிகளின் எனாமல் போய்ச் செம்பு தெரிந்தது, இன்னொரு சுருளில் ஒரு கம்பி சற்று நசுங்கியே இருந்தது. அதன் அருகில் எனாமல் பழுப்பாகக் கருகியிருக்கிறது. அவள் காலிப்பரால் அளந்து பார்த்தாள். திருகு பத்து மில்லிமீட்டர், கை ஐந்து, மற்ற கைகளில் இருக்கும் டி.பி.யு. துண்டு இரண்டு. அவற்றில் மோட்டாருக்குள் போவது மூன்று மில்லிமீட்டர்தான். துண்டு இல்லாத இந்தக் கையில் ஐந்து போயிருக்கிறது. அடித்தட்டின் தடிமனோ மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே மேல்.

ஆக, மரம் முறித்தது கையை மட்டுமே. மோட்டாரைக் கெடுத்தது நாங்கள் செய்த பழுதுபார்ப்பு. அந்தத் துண்டை ஓர் அலங்காரப் பொருளாகத்தான் நான் நினைத்தேன்; போடாமல் விட்டால் என்ன என்று அவளிடம் சொன்னவனும் நானே. அதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவள் முதலில் தயங்கினாள்.

இப்போது இரண்டு ஐயங்கள். உடலோடு உள்ள ஷார்ட் போய்விட்டதால் எனாமல் போன இடத்தில் வார்னிஷ் தடவி இந்த மோட்டாரையே பயன்படுத்தலாமா? மூலை அமுங்கிய பேட்டரியை என்ன செய்வது? அதன் செல்கள் ஐந்தில் 3.9 வோல்ட் காட்டுகிறது, ஒன்றில் மட்டும் 3.6.


மின்பணியாளர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

சாட்ஸ்வொர்த் அம்மா சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். முதல் பதிவில் அந்த வரி என் கண்ணில் பட்டும் நான் அதில் நிற்கவில்லை.

வார்னிஷ் யோசனை வேண்டாம், ஐயா. எனாமல் மட்டும் சுரண்டப்பட்டிருந்தால் ஒருவேளை முயன்று பார்க்கலாம். ஆனால் உங்கள் மோட்டாரில் ஒரு கம்பி நசுங்கியிருக்கிறது, பக்கத்து எனாமலும் கருகியிருக்கிறது. ஆறு செல் பேட்டரியில் த்ராட்டிலை முழுவதும் ஏற்றும்போது இந்தச் சுருள்கள் தாங்கும் மின்சாரம் பெரிது. நசுங்கிய இடம் ஒரு நாள் வானத்தில் விட்டுப்போகும், அப்போது இ.எஸ்.சி.யையும் சேர்த்துக்கொண்டு போகும். அந்த மோட்டாரைப் பிரித்துச் சுருள் சுற்றிப் பழகத் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்தாவதைப் பூட்டுங்கள், ஆனால் எட்டு மில்லிமீட்டர் திருகு கொண்டு. அல்லது புதிய டி.பி.யு. துண்டைப் போட்டுவிட்டுப் பழைய திருகுகளையே இடுங்கள். இறுக்கிய பின், சால்டர் வைப்பதற்கு முன், ஒயருக்கும் உடலுக்கும் ஒரு முறை மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இ.எஸ்.சி.யின் எண்கள் நன்றாக இருக்கின்றன. என்றாலும் முதல் முறை பேட்டரியை நேராக இணைக்காதீர்கள். லாரியில் போடும் 24 வோல்ட் பல்பு ஒன்றை வாங்கி, பேட்டரியின் பாசிட்டிவ் ஒயருக்கு இடையில் வரிசையாக இணைத்துக்கொள்ளுங்கள். கார் பல்பு பன்னிரண்டு வோல்ட்தான், ஆறு செல்லுக்குத் தாங்காது. இணைத்ததும் பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் கப்பாசிட்டர் நிரம்பியது என்று பொருள், எல்லாம் நலம். விடாமல் பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. மின்சாரம் பல்பிலேயே செலவாகிவிடுவதால் பலகை தப்பித்துவிடும். பல்பு இருக்கும்போதே நான்காவது மோட்டாரை ஸ்லைடரில் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அதன் பிறகு சுழலும் திசையைச் சரிபாருங்கள். பீட்டாஃப்ளைட்டின் இயல்பு அமைப்பில் முன்பக்க இடது மோட்டார் கடிகார முள்ளின் திசையில் சுற்ற வேண்டும். எதிராகச் சுற்றினால் மூன்று ஒயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும்.

பேட்டரியைப் பொறுத்தவரை என் பதில் கண்டிப்பானது. ஒரே பேக்கில் ஒரு செல் மட்டும் 0.3 வோல்ட் இறங்கியிருப்பதும், மூலை அமுங்கியிருப்பதும் ஒன்றாக வந்தால் அந்தச் செல்லுக்குள் இரு மின்முனைகளையும் பிரிக்கும் தாள் கிழிந்திருக்கலாம். அதை மறுபடியும் சார்ஜ் செய்யாதீர்கள். வீட்டுக்குள் வைக்காதீர்கள். முற்றத்தில் சிமெண்டுத் தரையில், எரியக்கூடியது எதுவும் அருகில் இல்லாத இடத்தில், அதே 24 வோல்ட் பல்பை அதன் இரு முனைகளிலும் மாட்டி, பல்பு முற்றிலும் அணையும் வரை விட்டுவிடுங்கள். சுழியத்துக்கு வந்த பிறகே அப்புறப்படுத்தக் கொடுங்கள், வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள்.


தமிழாசிரியர், கத்ர் போர்ன், மொரீஷியஸ்

நேற்று, சனிக்கிழமை காலை, ட்ரோன் மறுபடியும் பறந்தது. எட்டு மில்லிமீட்டர் திருகுகள், புதிய டி.பி.யு. துண்டு இரண்டுமே கிடைத்துவிட்டன. துண்டைப் போட்டால் எட்டு மில்லிமீட்டர் திருகு ஒரு மில்லிமீட்டர்தான் பிடிக்கும், அது போதாது என்று அவளே கணக்குப் போட்டு, துண்டோடு பத்து மில்லிமீட்டர் திருகையே போட்டாள். ஒவ்வொரு திருகாக இறுக்கும்போதும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். லாரி பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. மோட்டார் முதலில் எதிர்த்திசையில் சுற்றியது, இரண்டு ஒயர்களை மாற்றியதும் சரியாகிவிட்டது.

இம்முறை கடற்கரைக்குப் போகவில்லை. கரும்பு வெட்டி முடிந்து வெறுமையாகக் கிடக்கும் ஒரு வயலில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் உயரத்தில் இரண்டு நிமிடம் நிறுத்திப் பறக்கவிட்டாள். இறக்கியவுடன் நான்கு மோட்டார்களையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். நான்கும் ஒரே வெதுவெதுப்பு. பழைய பேட்டரி முற்றத்தில் பல்போடு ஓர் இரவு கிடந்து ஓய்ந்துவிட்டது. தனியாக அனுப்பப்படும் லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரல் முதல் தடை இருப்பதால், தீவில் இருக்கும் நமக்குப் புதிய பேட்டரி வர நாளாகும். அதுவரை மீதமிருக்கும் ஒன்றை வைத்துச் சிக்கனமாகப் பறக்க வேண்டும்.

பழுதுபார்க்கும் கடை மாற்றச் சொன்ன இ.எஸ்.சி. பலகைதான் இப்போதும் அதில் இருக்கிறது. மூவருக்கும் என் மகளின் வணக்கம்.